கேட்டால் மட்டும் வேலை செய்யும் வடிகட்டி

1 முதல் 10 லட்சம் வரை உள்ள எண்களில் 7ஆல் வகுபடுபவற்றை எடு, இரண்டால் பெருக்கு, முதல் மூன்றைக் கொடு: கோட்லின் நிரல்மொழியில் இது ஒரே வரி. சாதாரணப் பட்டியலில் ஓட்டினால் 10 லட்சம் எண்களும் சோதிக்கப்படும். தேறிய 1,42,857 எண்கள் ஒரு புதிய பட்டியலில் ஏறும். அவற்றைப் பெருக்கி வைக்க இன்னொரு பட்டியல் பிறக்கும். கடைசியில் மூன்று போக மற்றதெல்லாம் வீண்.

அதே வரியின் தொடக்கத்தில் 'அஸ்சீக்வென்ஸ்' என்று சேர்த்தால், 21ஆம் எண்ணோடு வேலை முடிந்துவிடும். இங்கே 'ஃபில்டர்' எதையும் உடனே வடிகட்டுவதில்லை. நிபந்தனையைக் குறித்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இறுதியில் விடை கேட்கப்படும்போதுதான் எண்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, சோதனையையும் பெருக்கலையும் கடந்து வருகின்றன. மூன்றாவது விடை கிடைத்ததும் 22ஐத் தொட அவசியமே இல்லை.

'லேசி' எனப்படும் இந்த முறையை 1976இல் ஆய்வாளர்கள் ஃப்ரீட்மேனும் வைஸும் ஒரு கட்டுரையிலும், ஹென்டர்சனும் மாரிஸும் இன்னொன்றிலும் விளக்கினார்கள். அன்றாட நிரல்களுக்கு அதைப் பரவலாகக் கொண்டுவந்தவை சி ஷார்ப்பின் லிங்க் (2007), ஜாவா 8இன் ஸ்ட்ரீம் (2014) போன்ற நூலகங்கள்.

அடிக்கடி தேவைப்படும் வடிகட்டல்களுக்கு நூலகம் குறுக்குவழிகளும் தரலாம். எதைத் தருவது என்பதில்தான் வடிவமைப்பின் நுட்பம் இருக்கிறது. கோட்லினின் 'ஃபில்டர்நாட்நல்' நல்ல உதாரணம். வெற்று மதிப்புகளை நீக்க நாமே நிபந்தனை எழுதினாலும், விளைவில் வெற்று மதிப்பு இருக்கலாம் என்றே கம்பைலர் கருதும். குறுக்குவழியைப் பயன்படுத்தினால் இனி வெற்று மதிப்பு இல்லை என்பது தரவு வகையிலேயே பதிந்துவிடும். தட்டச்சு மிச்சமாவதோடு பாதுகாப்பும் கூடுகிறது. நிபந்தனையைத் தலைகீழாக்கி, பொருந்தாதவற்றை மட்டும் எடுக்க ஜாவா வேறு வழியில் போனது. ஸ்ட்ரீமில் புதிய மெத்தட் சேர்க்காமல், எங்கும் பயன்படும் 'பிரெடிகேட்.நாட்' என்ற சிறு கருவியை ஜாவா 11இல் (2018) தந்தது.

காத்திருக்கும் வடிகட்டியில் ஆபத்தும் உண்டு. லிங்கின் வடிகட்டியான 'வேர்' தந்த விளைவை இருமுறை எண்ணினால் சோதனை இருமுறை நடக்கும். இடையில் மூலப் பட்டியல் மாறினால் விடையும் மாறும். ஜாவா ஸ்ட்ரீமை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். மறுமுறை தொட்டால் பிழை எழும். கண்டிப்பாகத் தோன்றினாலும், இது நிரலாளருக்குச் செய்யும் உதவி.

ஆகவே ஒரு குறுக்குவழி எழுத்தைக் குறைக்கட்டும். வேலை எப்போது நடக்கிறது என்பதை மட்டும் மறைக்கக் கூடாது. அந்த வரியைப் படிப்பவருக்கு அது தெரியாவிட்டால், நீளமாக எழுதுவதே மேல்.