ஓட்டல் அறையைக் கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுப்பது எப்படி? பிரசிலியாவும் பாண்டனல் சதுப்பு நிலமும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள், மெயில் அனுப்பப் பழகிய பின்னர் அடுத்ததாகச் செய்ய விரும்புவது பயண ஏற்பாடுகள்தான். ரயில் டிக்கெட் எடுப்பது எளிது. நாளும் வண்டியும் தெரிந்தால் போதும். ஆனால் ஓட்டல் அறை அப்படி அல்ல. மானிட்டரில் அழகான போட்டோவும் குறைந்த விலையும் முதலில் வந்து நிற்கும். நமக்கு உண்மையில் தேவையான தகவல், அந்த ஓட்டல் எங்கே இருக்கிறது என்பதுதான். அது கடைசியில், சிறிய எழுத்தில் இருக்கும்.

இதை விளக்கச் சற்றுக் கடினமான ஊர் ஒன்றை எடுத்துக் கொள்கிறேன். பிரேசில் நாட்டின் தலைநகர் பிரசிலியா. என் உறவினர் ஒருவர் கருத்தரங்கு ஒன்றிற்காக அங்கு செல்கிறார். அதன்பின் நான்கு நாட்கள் பாண்டனல் சதுப்பு நிலத்தில் தங்க விரும்புகிறார். அறை தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பின்பற்றிய வழிகளை இங்கு வரிசையாகத் தருகிறேன். நீங்கள் எந்த ஊருக்குச் சென்றாலும் இவை பயன்படும்.

1. முதலில் மேப், பிறகு ஓட்டல்

ஓட்டல் தளங்களைத் திறக்கும் முன், பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து பிரசிலியா என டைப் செய்து என்டர் தட்டுங்கள். சாட்டிலைட் படத்திற்கு மாறினால், சிறகு விரித்த விமானம் போன்ற ஒரு நகரம் தெரியும். மற்ற ஊர்களைப் போல இது தானாக வளர்ந்த ஊர் அல்ல. லூசியோ கோஸ்டா 1957ல் போட்டியில் வென்ற திட்டத்தின்படி, வெற்று நிலத்தில் எழுப்பப்பட்டது. முக்கிய கட்டடங்களை வடிவமைத்தவர் ஆஸ்கர் நீமெயர். 1960 ஏப்ரல் 21ல் தலைநகராகத் திறக்கப்பட்ட இந்நகரை, 1987ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கோஸ்டாவின் திட்டத்தில் வங்கிகளுக்கு ஒரு பகுதி, குடியிருப்புகளுக்கு ஒரு பகுதி, ஓட்டல்களுக்கு ஒரு பகுதி என எல்லாம் பிரிக்கப்பட்டுள்ளன. எனவே தெருவுக்குத் தெரு ஓட்டல் இருக்காது. நகரின் பெரும்பாலான ஓட்டல்கள், டிவி டவருக்கு இருபுறமும் உள்ள தெற்கு, வடக்கு ஓட்டல் பகுதிகளில்தான் உள்ளன.

2. முகவரியைப் படிக்கக் கற்றுக் கொள்ளுங்கள்

பிரசிலியா முகவரிகளில் தெருப் பெயர்களுக்குப் பதில் எழுத்துகளும் எண்களும்தான் இருக்கும். பார்த்தவுடன் பாஸ்வேர்ட் போலத் தோன்றும். பயப்பட வேண்டாம். எஸ்.எச்.எஸ். என்றால் தெற்கு ஓட்டல் பகுதி. எஸ்.எச்.என். என்றால் வடக்கு ஓட்டல் பகுதி. இந்த இரண்டில் ஒன்று முகவரியில் இருந்தால், நீங்கள் நகரின் நடுவில் இருப்பீர்கள். அங்கிருந்து பாராளுமன்றக் கட்டடம் சுமார் 3 கிலோமீட்டர். விமான நிலையம் சுமார் 12 கிலோமீட்டர். எஸ்.எச்.டி.என். என்று இருந்தால், அது பரனோவா ஏரிக்கரைப் பகுதி.

ஏரிக்கரையில் உள்ள பிரசிலியா பேலஸ், நீமெயர் வடிவமைத்த ஓட்டல். 1958ல், அதாவது நகரம் திறக்கப்படும் முன்பே, இது செயல்படத் தொடங்கியது. 1978ல் தீ விபத்தில் சிக்கி மூடப்பட்டது. பின்னர் புதுப்பிக்கப்பட்டு 2006ல் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடக் கலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஏற்றது. ஆனால் ஓட்டல் பகுதியிலிருந்து 7 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், ஒவ்வொரு முறை வெளியே செல்லவும் டாக்சி தேவைப்படும். அந்தச் செலவை அறை வாடகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்திடலாம். மேப்பின் மூலையில் உள்ள மஞ்சள் நிற மனிதப் படத்தை மவுஸால் இழுத்து, ஓட்டல் வாசலில் விடுங்கள். தெருவில் நின்று பார்ப்பது போன்ற காட்சி கிடைக்கும். பிரசிலியா காருக்காகத் திட்டமிடப்பட்ட நகரம். மேப்பில் எதிரே இருப்பது போலத் தோன்றும் இடத்திற்கு, நேரில் பல தடங்கள் கொண்ட அகலமான சாலையைக் கடந்துதான் செல்ல வேண்டியிருக்கும். முதியவர்கள் உடன் வந்தால் இது முக்கியம்.

3. தேதியை மாற்றிப் பாருங்கள்

பிரசிலியாவுக்கு வருபவர்களில் பலர் அரசு வேலையாக வருபவர்கள். பிரேசில் பாராளுமன்றத்தின் முக்கிய வேலைகள் பெரும்பாலும் செவ்வாய் முதல் வியாழன் வரை நடக்கும். அந்த நாட்களில் அறை வாடகை உயரும். வெள்ளி, சனி இரவுகளில் குறையும். சுற்றுலாத் தலங்களில் நடப்பதற்கு இது நேர் எதிர். ஓட்டல் தளத்தில் தேதிக் கட்டத்தைக் கிளிக் செய்து, அதே அறைக்கு இரண்டு விதமான நாட்களைத் தந்து பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். உறவினரின் கருத்தரங்கு வியாழனன்று முடிவதால், நகரைச் சுற்றிப் பார்க்க வெள்ளி, சனி இரவுகளை ஒதுக்கினேன்.

4. "அருகில்" என்றால் எவ்வளவு தூரம்?

இப்போது பாண்டனலுக்கு வருவோம். உலகின் மிகப் பெரிய வெப்பமண்டலச் சதுப்பு நிலம் இது. பெரும்பகுதி பிரேசிலிலும், எஞ்சியது பொலிவியா, பராகுவே நாடுகளிலும் உள்ளது. மேப்பைச் சுருக்கிப் பார்த்தால் பிரசிலியாவுக்குப் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள்.

மேப்பில் பிரசிலியா மீது ரைட் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் தூரத்தை அளக்கும் பிரிவு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, பாண்டனலின் வடக்கு வாசலான குயாபா நகரில் கிளிக் செய்தால், நேர்கோட்டில் சுமார் 880 கிலோமீட்டர் எனக் காட்டும். தெற்கு வாசலான கம்போ கிராண்டே நகருக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான். சாலை வழியில் இன்னும் கூடும். ஆகவே விமானம்தான் வழி.

விமானத்தில் இறங்கினாலும் பயணம் முடிவதில்லை. குயாபாவிலிருந்து பொகோனே என்ற ஊர் சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து டிரான்ஸ்பாண்டனெய்ரா என்ற மண் சாலை, நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களைக் கடந்து, 145 கிலோமீட்டருக்கு மேல் சென்று போர்ட்டோ ஜோஃப்ரே என்ற ஆற்றங்கரையில் முடிகிறது. தங்குமிடங்கள் இந்தச் சாலை நெடுகிலும் உள்ளன. எனவே "டிரான்ஸ்பாண்டனெய்ராவில் உள்ளது" என்றால் மட்டும் போதாது. எத்தனையாவது கிலோமீட்டரில் என்று பாருங்கள். குயாபா நகரத்துக்குள்ளேயே பாண்டனல் என்ற பெயர் தாங்கிய ஓட்டல்கள் இருக்கலாம். பெயரை நம்பாமல் மேப்பில் உள்ள புள்ளியை நம்புங்கள்.

லாட்ஜ் என்றவுடன் பஸ் ஸ்டாண்ட் எதிரே உள்ள விடுதி நினைவுக்கு வரும். இங்கு அது வேறு. கால்நடைப் பண்ணைகளிலும் ஆற்றங்கரையிலும் உள்ள தங்குமிடங்கள் இவை. பெயருக்கு முன் பௌசாடா என்று இருந்தால் விடுதி. ஃபசெண்டா என்றால் பண்ணை. தேடும்போது இந்தச் சொற்களையும் டைப் செய்தால் கூடுதல் முடிவுகள் கிடைக்கும்.

5. தண்ணீரும் தீயும்

வடக்குப் பாண்டனலில் மழை பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை. தண்ணீர் சமவெளியில் மிக மெதுவாக நகர்வதால், தெற்கில் வெள்ளம் உச்சத்தை அடையச் சில மாதங்கள் பிடிக்கும். மழைக் காலத்தில் மண் சாலைகள் மூழ்கலாம். ஜாகுவார் பார்க்க விரும்புபவர்கள், ஜூலை முதல் அக்டோபர் வரை போர்ட்டோ ஜோஃப்ரே பகுதிக்குச் செல்கிறார்கள். தண்ணீர் குறைவதால் விலங்குகள் ஆற்றங்கரைக்கு வரும்.

ஆனால் வறண்ட காலத்தில் தீ அபாயம் உண்டு. 2020ல் ஏற்பட்ட தீயில் பாண்டனலின் கால் பங்குக்கும் மேல் எரிந்தது. 2024லும் பெரும் தீ ஏற்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் பராகுவே ஆற்றின் நீர்மட்டம், லடாரியோ அளவுகோலில் அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைந்த நிலைக்கு இறங்கியது. ஓட்டல் தளத்தில் உள்ள பச்சைப் பசேல் போட்டோ எந்த ஆண்டு எடுத்தது என்று நமக்குத் தெரியாது.

இதற்கு ஒரு இலவச வழி உள்ளது. அமெரிக்காவின் நாசா அமைப்பு நடத்தும் ஃபர்ம்ஸ் என்ற தளத்தில், சாட்டிலைட்கள் கண்டறிந்த தீப் புள்ளிகள், கண்டறியப்பட்ட சில மணி நேரத்திற்குள் மேப்பில் காட்டப்படுகின்றன. கிளம்புவதற்குப் பத்து நாட்கள் முன்பிருந்து தினம் ஒருமுறை பாருங்கள். தங்குமிடத்தின் அருகே புள்ளிகள் கூடினால், உடனே மெயில் அனுப்பி நிலைமையைக் கேளுங்கள்.

6. விலையை ஒப்பிடும் முறை

பிரேசில் பணம் ரெயால். இதற்கு ஆர் எழுத்தும் டாலர் குறியும் சேர்ந்த அடையாளம். டாலர் குறியைப் பார்த்து அமெரிக்க டாலர் என எண்ண வேண்டாம். எண்களை எழுதும் முறையும் வேறு. நாம் கமா போடும் இடத்தில் அவர்கள் புள்ளி வைப்பார்கள். புள்ளி வைக்கும் இடத்தில் கமா போடுவார்கள். ஆகவே 1.200,00 என்பது ஆயிரத்து இருநூறு ரெயால்.

அடுத்தது, ஓட்டல்கள் அறைக்கு வாடகை கூறும். பாண்டனல் லாட்ஜ்கள் பலவும் ஒருவருக்கு இவ்வளவு என்று கூறும். உதாரணத்திற்கு, ஒரு லாட்ஜ் அறைக்கு 900 ரெயால், காலை உணவு மட்டும் என்கிறது. இன்னொன்று ஒருவருக்கு 700 ரெயால், மூன்று வேளை உணவு, படகுச் சவாரி, வழிகாட்டி எல்லாம் சேர்த்து என்கிறது. இருவருக்கு 1,400 என்பதால் இரண்டாவது விலை அதிகம் போலத் தெரியும். பக்கத்தில் உணவகமே இல்லாத இடத்தில் இரண்டு வேளை உணவும் படகு வாடகையும் தனியாகத் தந்தால், முதலாவதே அதிகமாகிவிடலாம்.

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, ஒவ்வொரு தங்குமிடத்திற்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். வாடகை, வரி, உணவு, சுற்றுலா, விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும் கட்டணம் எனத் தனித்தனிக் கட்டங்களில் இட்டு, கடைசியில் கூட்டுத்தொகை காணுங்கள். சில தளங்களில் முதல் பக்கத்தில் வரி சேராத தொகைதான் இருக்கும். பணம் செலுத்தும் பக்கம் வரை சென்று, முழுத் தொகையைக் குறித்துக் கொள்ளுங்கள்.

7. விருந்தினர் கருத்துகள்

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, நீங்கள் செல்லும் அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள். போர்ச்சுக்கீஸ் மொழியில் இருந்தால், பக்கத்தில் ரைட் கிளிக் செய்து மொழிபெயர்க்கும் வசதியைப் பயன்படுத்தலாம். கண்ட்ரோல் + எப் அழுத்தி, சாலை, கொசு, ஏசி, வைஃபை போன்ற சொற்களை அந்த மொழியிலேயே தேடலாம். பாண்டனலில் பல இடங்களில் வைஃபை பொதுக்கூடத்தில் மட்டும்தான்.

8. பணம் செலுத்தும் முன்

ஓட்டல் பெயரைத் தேடும்போது மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். முகவரிக் கட்டத்தில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகச் சரி பாருங்கள். பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்பது பழைய அறிவுரை. இணைப்பு பாதுகாப்பானது என்பதை மட்டுமே அது கூறும். எதிரே இருப்பவர் நேர்மையானவர் என்பதை அல்ல. குரோம் பிரவுசரும் 2023ல் அந்தப் படத்தை நீக்கிவிட்டது. முன்பதிவு செய்த பின், கார்டைச் சரி பார்க்க வேண்டும் என்று மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ லிங்க் வந்தால், கிளிக் செய்திட வேண்டாம். தளத்தில் நேரடியாக லாக் இன் செய்து பாருங்கள்.

பிரேசில் செல்ல நமக்கு விசா தேவை. அது கையில் கிடைக்கும் வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை மட்டுமே எடுங்கள். விலை சற்று அதிகம் என்றாலும், விசா கிடைக்காவிட்டால் முழுப் பணமும் போவதை விட இது மேல். ரத்து செய்யும் கடைசி நேரம், பெரும்பாலும் அந்த ஊர் நேரப்படி கணக்கிடப்படும். பிரசிலியா நம்மை விட எட்டரை மணி நேரம் பின்தங்கியது. குயாபா ஒன்பதரை மணி நேரம். அங்கு மாலை 6 மணி என்றால், இங்கு மறுநாள் அதிகாலை 3.30.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும் மறக்க வேண்டாம். கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாட்கள் முன்பு போட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போது அதைக் கேட்பார்கள்; இல்லாவிட்டால் தனிமைப்படுத்தலாம்.

இறுதியாக, முன்பதிவுப் பக்கத்தில் கண்ட்ரோல் + பி அழுத்தி பிடிஎஃப் பைலாக சேவ் செய்து, ஒரு பிரிண்டும் எடுத்து வையுங்கள். மொபைலில் உள்ள கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை முன்கூட்டியே டவுண்லோட் செய்தால், சிக்னல் இல்லாத மண் சாலையிலும் வழி தெரியும்.

இடம், காலம், மொத்தச் செலவு. இந்த வரிசையில் பார்த்து முடித்த பின்னர் போட்டோக்களைப் பாருங்கள். அடுத்த முறை பக்கத்து ஊருக்கு அறை தேடும்போதே இதை முயன்று பாருங்கள். இரண்டு முறை செய்தால் கை பழகிவிடும்.