கரைக்கு எப்போ வருவான் சிந்துபாத்?

முடியவே முடியாத அரியர் பேப்பரைப் பார்த்து, 'இது என்னடா கன்னித்தீவா?'ன்னு கலாய்க்கிறோமே... அந்தக் கன்னித்தீவை எப்பவாவது உத்துப் படிச்சிருக்கீங்களா?

1960-ல் 'தினத்தந்தி'யில் ஆரம்பித்த படக்கதை. லைலாவைப் பொம்மை சைஸுக்குச் சுருக்கிவிடுகிறான் மந்திரவாதி மூசா. அவளைப் பழைய உருவத்துக்கு மாற்றக் கப்பலேறுகிறான் சிந்துபாத். 1958-ல் வந்த 'தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாட்' ஹாலிவுட் படத்திலும் இளவரசி இப்படித்தான் சுருங்குவாள். ஆனால், அங்கே ஒன்றரை மணி நேரத்தில் சுபம்!

இங்கே சூட்சுமமே கடைசிக் கட்டத்தில்தான். ஆபத்து தலைகாட்டும், தப்பித்தானா என்பது நாளைக்குத்தான். நம்ம பாஷையில், எக்ஸிட் கண்டிஷன் இல்லாத லூப்!

கோட்டைப்பட்டினம் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, கடலுக்குப் போனவன் கரைக்கு வரணும். வர்றானான்னு பார்க்கத்தான் தினமும் படிக்கிறேன்" என்றார்.

2021 ஜனவரியில் இந்த ஊரிலிருந்து போன விசைப்படகு, இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. நாலு மீனவர்கள் உயிரோடு திரும்பவில்லை.

ஸோ, அடுத்த தடவை 'கன்னித்தீவு'ன்னு கலாய்க்கும் முன்னாடி, அந்தக் கடைசிக் கட்டத்தை ஒருமுறை கோட்டைப்பட்டினம் கரையில் நின்னு படிச்சுப் பாருங்க!