மருந்துக்குப் பழகியது உடம்பா, கிருமியா?

"ஏனுங்க வைத்தியரே, போன தடவை ரெண்டே மாத்திரையில நின்னு போச்சு. இந்தத் தடவை அட்டையே காலியாகியும் எரிச்சல் நிக்கலைங்க. உடம்புக்கு மருந்து பழகிப் போச்சுங்களா?"

கேட்டவர் ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டும் குடும்பத்து அம்மா. வயது ஐம்பத்தைந்து, சர்க்கரை நோயும் உண்டு. நீர்க்கடுப்பு, கூடவே குளிர் காய்ச்சல். மகனுக்குப் பல்வலிக்கு வாங்கி மீந்து போன ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துப் போட்டிருக்கிறார்.

சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் படிப்பிலும் நுண்ணுயிரியல் உண்டு. தவிர, நம் பக்கத்தில் பாதி அட்டை மாத்திரையை முடித்துவிட்டு, மீதி நோயோடு கஷாயம் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்!

பழகுவது உடம்பு இல்லை, கிருமி. நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி, வசதி கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். அந்தக் கூட்டத்தில் மருந்தைத் தாங்கும் சக்தி உள்ளவை ஓரிரண்டு இருக்கும். ஆன்டிபயாடிக் உள்ளே போனதும் மற்றவை செத்துவிட, இடம் முழுவதும் இவற்றுக்கே. அதோடு விடுவதில்லை. அந்தச் சக்திக்கான மரபணுவை வேறு ஜாதிக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும். அதனால், நீங்கள் சளிக்குப் போட்ட மாத்திரையால் பக்கத்து வீட்டுக் குழந்தையும் பாதிக்கப்படலாம். இத்தனைக்கும் சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி எல்லாம் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே கிடையாது.

ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். கார்பாபெனம் என்பது, மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு பெரிய ஆஸ்பத்திரிகளில் போடும் ஊசி. அதையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற நொதியைக் கொண்ட கிருமிகள் பற்றி 2010ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் அது இருந்தது. நொதிக்கு டெல்லியின் பெயரை வைத்தார்களே என்று அப்போது பெரிய சண்டை. பெயருக்குப் போட்ட சண்டையில் பாதியையாவது மருந்துக்கடை வாசலில் போட்டிருக்கலாம்.

அந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை கட்டுப்பட்ட மிகச் சில மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்த பழைய மருந்து, வேறு வழியில்லாமல் திரும்ப வந்தது. ஆனால் அதே கொலிஸ்டினை, கோழி சீக்கிரம் எடை கூடட்டும் என்று தீவனத்தில் கலக்கும் பழக்கம் நாட்டில் இருந்தது. அதைத் தாங்கும் மரபணு கிருமிக்குக் கிருமி தாவுவதை 2015ல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடை, மீன்களுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. நாமக்கல் முட்டை இல்லாமல் நம் வீட்டுச் சமையல் இல்லை. பயந்து முட்டையை நிறுத்த வேண்டாம், நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். பச்சைக் கறி தொட்ட கையையும் அரிவாள்மணையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீர்கள். பண்ணை வைத்திருக்கும் அன்பர்கள் கால்நடை மருத்துவர் எழுதாத மருந்தைத் தீவனத்தில் சேர்க்காதீர்கள்.

மாத்திரை அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம். முக்கியமான சில ஆன்டிபயாடிக்குகளை விற்றால் கடைக்காரர் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சிலிருந்து இருக்கிறது. டாக்டர் எழுதினால், "இது கட்டாயம் வேணுங்களா? எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள், அதில் தப்பே இல்லை. சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நடுவில் நிறுத்துவதானாலும் அவரைக் கேட்டே நிறுத்துங்கள்.

சாதாரணச் சளிக்கு சுக்கு, மிளகு, திப்பிலிக் கஷாயமும் உப்புநீர்க் கொப்பளிப்பும் இதமாக இருக்கும். ஆனால் மூச்சு வாங்கினால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் என்னிடம் வர வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிமோனியாவையும் டைஃபாய்டையும் கஷாயத்தால் ஆற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் எங்கள் கல்லூரியிலேயே படித்திருந்தாலும் நம்பாதீர்கள்.

அந்த அம்மாவுக்கும் நான் மருந்து கொடுக்கவில்லை. அன்றைக்கே சேலத்துக்கு அனுப்பினேன். சிறுநீரைக் கல்ச்சர் செய்து பார்த்ததில், வழக்கமாக எழுதும் மாத்திரைகள் வரிசையாக 'கேட்காது' என்று வந்தது. ஐந்து நாள் ஊசி போட்டார்கள். தறியும் ஐந்து நாள் நின்றது.

ஊர் திரும்பியதும் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார். வீட்டில் சேர்ந்திருந்த மாத்திரைகளாம். திறந்து பார்த்தேன். பாதி பாதியாக ஆறு அட்டை ஆன்டிபயாடிக், அதில் இரண்டு காலாவதியானவை.