எஞ்சின் எண்ணெயில் ஒரு கார இருப்பு

எஞ்சினில் ஊற்றும் எண்ணெய் தேய்மானத்தைக் குறைக்கிறது என்பதை யாவரும் அறிவர். எஞ்சினுள் ஓயாது உண்டாகும் அமிலங்களை முறிப்பதும் அதன் கடமையே என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

இவ்வமிலங்கள் தோன்றும் விதம் யாது? டீசலிலுள்ள கந்தகம் எரிந்து ஆக்ஸைடுகளாகிறது. எரிபொருளின் ஹைட்ரஜன் நீராவியாகிறது. சிலிண்டர்ச் சுவர் போதிய சூடு பெறாதபோது இவ்விரண்டும் அங்கே படிந்து கந்தக அமிலமாகின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து நைட்ரிக் அமிலமும், எண்ணெய் நாட்பட்டுச் சிதைவதால் கரிம அமிலங்களும் தோன்றுகின்றன. இவை பிஸ்டன் வளையங்களையும் பேரிங்குகளையும் அரித்துவிடும்.

இதைத் தடுக்கவே எண்ணெயில் கால்ஷியம் கார்பனேட் சேர்க்கப்படுகிறது. சுண்ணாம்புக் கல்லும் இப்பொருளே. இது எண்ணெயில் கரையாது. ஆயினும் சோப்பை ஒத்த கால்ஷியம் சல்பொனேட் மூலக்கூறுகள் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்துகொண்டு அதை மிதக்கவைக்கின்றன. துகளின் குறுக்களவு ஏறத்தாழ மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. கந்தக அமிலம் இத்துகளைச் சேர்ந்ததும் கால்ஷியம் சல்பேட்டும் நீரும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. அமிலத்தின் அரிக்கும் தன்மை ஒழிகிறது. முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் இட்டால் குமிழிகள் எழும். இதே வகை வினையை ஆசிரியர்கள் வகுப்பில் இவ்வாறு எளிதில் காட்டலாம்.

இந்தக் கார இருப்பைக் 'கார எண்' குறிக்கிறது. ஒரு கிராம் எண்ணெயின் அமில முறிவுத் திறன் எத்தனை மில்லிகிராம் பொட்டாஷியம் ஹைட்ராக்ஸைடுக்கு ஈடானது என்பதே அது. டீசல் வண்டி எண்ணெய்க்கு இது சுமார் 10. கந்தகம் மிகுந்த எரிபொருளை எரிக்கும் பெருங்கப்பல்களின் சிலிண்டர் எண்ணெய்க்கு 70 அல்லது அதற்கும் மேல். காரம் தேவைக்கு மிஞ்சினாலும் தீங்குண்டு. பிஸ்டன்மீது கடினமான படிவுகள் சேரும். ஆதலால் எஞ்சினுக்கு விதிக்கப்பட்ட எண்ணெயையே ஊற்றுதல் வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது. இதனால் கந்தக அமிலம் பெரிதும் குறைந்தது. மற்ற அமிலங்கள் நீங்கிவிடவில்லை.

எண்ணெயின் நிறத்தைக் கண்டு இருப்பை அறிய இயலாது. கருமை, பெரும்பாலும் எண்ணெய் தாங்கிநிற்கும் புகைக்கரியே. அளவு குறைந்தபோது சிறிது புது எண்ணெய் ஊற்றுவதால், செலவான காரம் முழுவதும் மீளாது. டிராக்டராயினும் பம்பு எஞ்சினாயினும், கையேடு குறிக்கும் மணிக்கணக்கில் எண்ணெயை மாற்றுவதே முறை. சூடேறுமுன் அடிக்கடி நிறுத்தப்படும் எஞ்சினுக்கு இன்னும் முன்னதாகவே மாற்றவேண்டும். காரம் தீர்ந்தபின் அமிலம் அரிப்பது உலோகத்தையே.