முப்பது எழுத்துக்குள் ஒரு பெயர்

இணையத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர் தம் பெயரை எழுதுகின்ற சிறு கட்டத்துக்குப் பின்னால், இத்தனை எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை என்ற நியதி ஒன்று மறைந்திருக்கிறது. அதை நிர்ணயித்தவர் பல சமயங்களில் அந்தத் தளத்தை அமைத்தவர் அல்லர்; அவர் அஸ்திவாரமாகக் கொண்ட ஃபிரேம்வொர்க்கை, அதாவது உறுப்பினர் பதிவு, கடவுச்சொல் சோதனை முதலிய பொதுக் காரியங்களுக்காக முன்கூட்டியே எழுதிவைத்த நிரல் தொகுப்பை, இயற்றியவரே ஆவார்.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரின் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் உருவாகி, ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் வித்வானின் நாமத்தைத் தாங்கி, 2005இல் உலகத்தின் உபயோகத்துக்கு வந்த ஜாங்கோ என்னும் பைத்தான் நிரல்மொழி ஃபிரேம்வொர்க், பயனர் பெயர், முதற்பெயர், குடும்பப் பெயர் ஆகிய மூன்றுக்கும் 30 எழுத்து என்று எல்லை வகுத்திருந்தது. மின்னஞ்சல் முகவரியையே பயனர் பெயராக வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அது பெரிய நிர்ப்பந்தமாயிற்று.

ஓர் எண்ணை மாற்றுவதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். அந்த எண் நிரலில் மட்டும் இருந்திருந்தால் சிரமமே இல்லை. ஆனால் ஜாங்கோவைக் கொண்டு கட்டிய ஒவ்வொரு தளத்தின் தரவுத்தளத்திலும், அட்டவணையின் பத்திக்கு அகலம் குறித்த அன்றே அது பதிந்துவிடுகிறது. மூலத்தில் 30ஐ 150 என்று திருத்திய மாத்திரத்தில் எங்கோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய அட்டவணை விரிந்துவிடாது. நிரல் ஏற்ற பெயரை அட்டவணை மறுத்துப் பிழை காட்டும், அல்லது, அதனினும் கொடுமையாக, சில அமைப்புகளில் வாலை அறுத்துவிட்டு மிச்சத்தை மௌனமாகச் சேமித்துக்கொள்ளும். அட்டவணைகளை ஒழுங்காக மாற்றித்தரும் மைக்ரேஷன் என்ற வசதி ஜாங்கோவிலேயே இடம்பெற்றது 2014இல்தான். அதன் பிறகே இத்தகைய திருத்தங்கள் சௌகரியமாயின.

மின்னஞ்சல் கட்டம் 2015இல் 75இலிருந்து 254 ஆயிற்று. பயனர் பெயர் 2016இல் 150 ஆயிற்று. ஏன் அதற்கும் 254 தரவில்லை என்று கேட்பவர்கள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சுபாவத்தை அறிய வேண்டும். ஒரே பெயர் இருவருக்கு வாராதபடி காக்கும் அதன் சுட்டுவரிசை அக்காலத்தில் இயல்பாக 767 பைட்டுக்கு மேல் இடங்கொடாது. உலகத்து லிபிகள் அனைத்துக்கும் இடமளிக்க எழுத்துக்கு 4 பைட் ஒதுக்கினால் 191 எழுத்தே தேறும். 150 அதற்குள் அடங்கியது. குடும்பப் பெயர் 2017இன் இறுதியில் 150ஐ எட்டியது.

நம்மவர்க்கும் இதில் சம்பந்தம் உண்டு. கிருஷ்ணமூர்த்தி வேங்கடசுப்பிரமணியன் என்று தந்தையின் பெயரையும் சேர்த்து எழுதுகிறவருக்குக் கண்ணால் எண்ணினால் 20 எழுத்துத்தான். இயந்திரமோ மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் துணைக்குறியையும் தனித்தனியே கணக்கிட்டு, இடைவெளியோடு 35 என்கிறது. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நமக்கு முதல், கடை என்ற பாகுபாடும் பொருந்துவதில்லை. முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். 2013 முதல் ஜாங்கோவில் பயனர் அமைப்பை அவரவர் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்ள வழியிருப்பதால் அதற்குத் தடையும் இல்லை.

முதற்பெயர்க் கட்டம் 2020இல்தான் 150 எழுத்துக்கு விரிந்தது. ஜாங்கோ வெளியாகி அப்பொழுது 15 ஆண்டுகள் கழிந்திருந்தன. புதிதாகப் படிவம் அமைக்கும் இளைஞர்கள், தங்கள் வீட்டு முதியவர் ஒருவரின் முழுப்பெயரைத் தமிழ் எழுத்தில் அதில் இட்டுப் பார்த்த பிறகே எல்லையை நிர்ணயிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.