தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டீர்களா? முதலில் கையை எடுங்கள்!

கம்ப்யூட்டரில் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்கிறீர்கள். ‘சி’ டிரைவுக்குப் பதிலாக ‘டி’ டிரைவை ஃபார்மட் செய்துவிடுகிறீர்கள். அக்காவின் கல்யாண வீடியோ, பிள்ளையின் காதணி விழா போட்டோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் காப்பி... எல்லாம் இருந்த இடம் காலி. பதறத்தான் செய்யும். ஆனால், பெரும்பாலும் அந்த நிமிடத்தில் ஃபைல்கள் அழிந்திருக்காது. அதன் பிறகு நாம் செய்யும் வேலைகளே அவற்றை அழிக்கின்றன.

எப்படி?

பாகூர் பக்கம் குருவிநத்தம் வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் பதிவேடு தொலைந்தாலும், பயிர் வயலிலேயேதான் இருக்கும். யாராவது புதிதாக உழுது விதைத்தால்தான் பழைய பயிர் போகும். ‘குவிக் ஃபார்மட்’டும் இப்படித்தான். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை மட்டும் புதிதாக்கிவிட்டு, ‘இடம் காலி’ என்கிறது. அதே இடத்தில் புது ஃபைல் எழுதப்பட்டால் பழையதை மீட்க முடியாது.

உடனே செய்ய வேண்டியவை

* அந்த டிரைவில் எதையும் சேமிக்காதீர்கள். மீட்பு சாஃப்ட்வேரைக்கூட வேறு டிஸ்க்கில்தான் போட வேண்டும்.

* டிஸ்க்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் இணைத்துத் தேடுவது பாதுகாப்பானது.

* பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசம். டெஸ்ட்டிஸ்க் காணாமல்போன பார்ட்டிஷனைத் தேடும். ஃபோட்டோரெக், படம், வீடியோ போன்றவற்றை அவற்றின் அடையாளத்தை வைத்துப் பொறுக்கி எடுக்கும். பழைய ஃபைல் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்காது.

* கிடைத்ததை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள்.

* டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

எப்போது கிடைக்காது?

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, ‘குவிக்’ இல்லாத முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. எஸ்.எஸ்.டி-யில் ‘டிரிம்’ என்ற வசதி, காலியான இடத்தைத் தானே துடைத்துவிடும். இந்த இரண்டிலும் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அலாஸ்கா சொல்லும் பாடம்

இது வீட்டில் மட்டும் நடப்பதில்லை. 2006 ஜூலையில், அமெரிக்காவின் அலாஸ்கா மாநில வருவாய்த் துறையில், பராமரிப்பு வேலையின்போது ஒரு டெக்னீஷியன் தவறுதலாக ஒரு டிஸ்க்கை ஃபார்மட் செய்தார். பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து போனது. மூன்றாவது காவலாக இருந்த டேப்களைப் படிக்க முடியவில்லை. எண்ணெய் வருமான நிதியிலிருந்து ஆண்டுதோறும் பணம் பெறும் மக்களின் விண்ணப்பங்கள், சுமார் 8 லட்சம் ஸ்கேன் படங்கள், மாயமாகின. காப்பாற்றியவை, சுமார் 300 அட்டைப்பெட்டிகளில் இருந்த காகிதங்கள்தான். சுமார் 70 பேர் விடுமுறை நாள்களிலும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார்கள். செலவு 2 லட்சம் டாலருக்கும் மேல்.

அங்கே பேக்கப் இல்லாமல் இல்லை. தேவைப்பட்ட நாளில் அது திறக்கவில்லை, அவ்வளவுதான். எனவே, முக்கியமான ஃபைல்களைத் தனி டிஸ்க் ஒன்றிலும் இணையச் சேமிப்பிலும் வையுங்கள். அந்த டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, அக்காவின் கல்யாண வீடியோ ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.