பூட்டிய அலமாரி திறக்கட்டும்

அண்மையில் சிற்றூர் ஒன்றின் தொடக்கப்பள்ளிக்குச் சென்றிருந்தோம். தலைமையாசிரியரின் அறையிலிருந்த கண்ணாடி அலமாரியில் வண்ணப் படக் கதை நூல்கள் புதுமெருகு குலையாமல் இருந்தன. கதவிலோ பூட்டுத் தொங்கிற்று. காரணம் வினவினோம். "பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், கணக்குக் கேட்டால் யார் பதில் சொல்வது?" என்றார் அவர். அவர்தம் அச்சத்தை நாம் குறைகூற இயலாது. எனினும், அடுத்த அறையில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், பாடநூலின் ஒரு வரியையும் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாது தலைகுனிந்து நின்றதையும் கண்டோம். கிழிந்த நூலை ஒட்டிவிடலாம். 'எனக்குப் படிப்பு வராது' என்று பிஞ்சு உள்ளத்தில் பதிந்துவிட்ட எண்ணத்தை எளிதில் அகற்ற இயலுமா?

சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீ. இரா. அரங்கநாதன். நூலகத் துறைக்கென 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதலாவது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. பெரிய நூலகங்களுக்கு மட்டுமன்றி, சிறுவர் அமரும் வகுப்பறைக்கும் இவை பொருந்தும்.

வகுப்பறை நூலகத்திற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அட்டைப் படம் தெரியுமாறு நூல்களைத் தொங்கவிட்டாலே போதும். நாள்தோறும் சிறிது நேரம் ஆசிரியர் ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டலாம். கேட்ட கதையைப் பிள்ளைகள் படமாக வரையலாம், நடித்துக் காட்டலாம், முடிவை மாற்றியும் சொல்லலாம். வாரம் ஒரு மாணவர் நூலகராக இருந்து ஏட்டில் வரவு வைக்கலாம். கிழிந்த நூலை அவர்களே பசைதடவி ஒட்டலாம். பொறுப்பை ஒப்படைத்தால் பேணும் பழக்கமும் வளரும். ஆனால், அதிக நூல்கள் படித்தவருக்குப் பரிசு என்று அறிவித்தல் நன்றன்று. சிறுவர் ஏடுகளைப் புரட்டி எண்ணிக்கையைக் கூட்டுவரேயன்றிப் படியார்.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்தது. வகுப்பை நோக்காது வாசிக்கும் திறனை நோக்கிய பகுப்பு இது. பின்தங்கிய பிள்ளையும் நாணமின்றித் தொடங்க இது வழிவகுக்கிறது.

பெற்றோரே, பள்ளி மட்டும் இதனைச் செய்து முடிக்க இயலாது. பிள்ளை வீட்டிற்குக் கொணரும் நூலை, "இது பாடத்தில் வருமா?" என்று கேட்டு ஒதுக்காதீர்கள். இரவு உணவிற்குப்பின் அதனைப் படிக்கச்சொல்லிக் கேளுங்கள். எழுத்தறியாத தாயும் நல்ல செவிகொடுக்கலாமன்றோ? பிறந்தநாளன்று இனிப்புடன் ஒரு கதை நூலையும் வகுப்பிற்கு அளிக்கலாம்.

அன்று நமது வேண்டுகோளுக்கிணங்கி அலமாரி திறக்கப்பட்டது. தலைகுனிந்து நின்ற அச்சிறுவன் யானைப் படம் போட்ட நூலொன்றை எடுத்தான். எழுத்துகளைத் தொடாமல், படங்களைப் பார்த்தே தன் தோழனுக்கு ஒரு கதை சொன்னான். வாசிப்பின் வாயிலில் அவன் நுழைந்துவிட்டான். அவ்வாயிலை மீண்டும் அடைத்துவிடாதிருப்பது நம் கடமையாகும்.